குப்பியோடு பேசியவர்

ரத்தம் எடுத்து முடித்த பிறகு அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். குப்பியைத்தான் பார்ப்பார். ஊதா மூடி போட்ட அந்தச் சின்னக் குப்பியை இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாகக் கவிழ்ப்பார், மெதுவாக நிமிர்த்துவார். எட்டுத் தடவை. குலுக்கினால் உள்ளே இருப்பவை உடைந்து போகும். சும்மா வைத்தால் உறைந்து போகும். அதனால் பிள்ளையைத் தோளில் ஆட்டுவது போல ஓர் அசைவு. அந்த எட்டுத் தடவைக்குள் அதனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவார்.

"தூங்கிடாத லா. இப்பதான வெளிய வந்த. கொஞ்சம் முழிச்சிரு."

ஜோகூர் பக்கம் பண்டார் தெங்காராவில் எங்கள் கிளினிக்கின் லேப் என்பது ஓர் அறை, ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து கையைச் சன்னல் வழியாக உள்ளே நீட்ட வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னொரு சன்னல் இருந்தது. அதில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தெரியும். காலை வேளைகளில் பனி மரங்களின் இடுப்பு வரை நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினால் ஊசி குத்தியது தெரியாது. அவர் குரல் மட்டும் எங்கேயோ தள்ளி இருந்து வருவது போல வரும்.

நாங்கள் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம். "நான் மிஸ்ஸி இல்லக்கா, லேப்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். வெள்ளை உடை போட்ட எல்லாப் பெண்களும் எங்களுக்கு மிஸ்ஸிதான். பிறகு விட்டுவிட்டார். என்னைவிடச் சின்னவர். ஒல்லி. சட்டைக் கழுத்துக்குள் கறுப்பு நூலில் ஒரு மரச் சிலுவை. அவருடைய அப்பா மெர்சிங் படகுத்துறையில் இன்ஜின் பார்ப்பவர் என்று யாரோ சொல்லக் கேள்வி. அவரும் மெர்சிங்குக்கே மாற்றலாகிப் போய்ப் பல வருடம் ஆகிறது. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். யாராவது தன்னைப் பற்றிப் பேசினாலே காது மடல் சிவந்துவிடும் அவருக்கு.

ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு லோரிக்கார அண்ணன் இருந்தார்.

"பசியாறாம வந்தீங்களாண்ணே?"

"சத்தியமா மிஸ்ஸி. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

ரத்தத்தை எடுத்துச் சுழலும் மெஷினில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அண்ணனைச் சன்னலுக்குக் கூப்பிட்டார். வந்தவரைப் பார்க்கவில்லை. குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"உன் முதலாளி தண்ணிகூடக் குடிக்கலயாமே. அப்புறம் நீ ஏன் மேல தேங்காப்பால் மாதிரி நிக்கிற?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அலமாக்! ரெண்டே ரெண்டு ரொட்டி சானாய் மிஸ்ஸி. அதுவும் பாதிதான் தின்னேன்."

"எந்தப் பாதிண்ணே, முதல் ரொட்டியா ரெண்டாவதா?" என்று வரிசையில் இருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். நேராக அவர் முகத்தைப் பார்த்து, பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். குப்பியிடம் கேட்டதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

மலாய்க்காரர்கள் வந்தால் குப்பியிடம் மலாயில் பேசுவார். சீனப் பாட்டி ஒருவர் வருவார்; அவருக்காக ஹொக்கியனில் இரண்டு வார்த்தை பழகி வைத்திருந்தார். யாரோ மேலே புகார் கொடுத்து, அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் வாய் திறக்காமல் வேலை பார்த்தார். அந்த வாரம் ஒரு மக்சிக், வயதான மலாய் அம்மா, ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். முடிந்துவிட்டது, போகலாம் என்று சொன்னதற்கு, இன்னும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே என்றாராம். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

எனக்குப் பேச வராது. பள்ளிப் படிப்பு முடியும் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். ஒருநாளும் கையைத் தூக்கிப் பதில் சொன்னதில்லை. கடையில் பொருளைக் காட்டித்தான் வாங்குவேன். போன் அடித்தால் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் போன்ற ஆளுக்கு அந்தச் சன்னல் வசதியாக இருந்தது. அங்கே பேச்சு எல்லாம் குப்பிக்கும் அவருக்கும் நடுவில்தான். நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து நான் உண்டானபோது எனக்கு முப்பத்தாறு வயது. மாமியார்தான் கிளினிக்குக்குக் கூட வந்தார். பதிவு செய்யும் இடத்தில் கர்ப்பிணிகளுக்கான ரோஸ் நிறப் புத்தகத்தைத் திறந்து, இது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொல்லிவிட்டார்.

"மொதப் பிள்ள."

முந்தின இரவே எனக்குச் சொல்லி வைத்திருந்தார். "போனத எழுதச் சொல்லாத. எழுதினா இதுக்கும் கண்ணு பட்டுரும்."

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் அப்படித்தான். என் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஐந்து என்பார்கள். ஏழு என்பது எனக்குத் தெரியும். எனக்கும் ஒன்று போயிருந்தது. பாலோவில் அம்மா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருந்தபோது, நாலு மாதத்தில், குளியலறையில். இரண்டு நாள் படுத்திருந்தேன். அம்மா மிளகுத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அப்பா ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நடக்காதது போல ஆகிவிடும் என்று நானும் நம்பினேன்.

முதல் பரிசோதனையில் என் ரத்தம் ஓ நெகடிவ் என்று வந்தது. கணவருடையது பாசிடிவ். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஒருமுறை ரத்த தானம் கொடுத்த அட்டை வைத்திருந்தார். இன்னொரு குப்பி ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வந்த நாளில் டாக்டர் முகம் மாறியிருந்தது. மலாயில் வேகமாகச் சொன்னார். பாதிதான் புரிந்தது. என் ரத்தத்தில் இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறதாம். முதல் பிள்ளைக்காரிக்கு அது வர வழியில்லையாம். இதற்கு முன் கரு கலைந்திருக்கிறதா, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார்.

மாமியார் பக்கத்தில் இருந்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அப்படியென்றால் லேப்பில் குப்பி மாறியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுபடி எடுத்து அனுப்பலாம், முடிவு வர நாளாகும், அதுவரை பொறுங்கள் என்றார்.

மறுநாள் காலை நான் மட்டும் தனியாகப் போனேன். பனி அன்றைக்கு மரங்களின் தலையையும் மூடியிருந்தது. மிஸ்ஸி ரத்தம் எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார். குப்பியைக் கவிழ்க்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு. பேசவில்லை. எட்டு முடிந்தும் நிறுத்தவில்லை.

"நான் உன்ன மாத்தி வைக்கல" என்றார் மெதுவாக. "பேரு ஒட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. என்னைத் திட்டினாப் பரவால்ல. ஆனா மறுபடி உன்ன அனுப்பி, நீ போய், திரும்பி வர்ற வரைக்கும் வயித்துக்குள்ள ஒருத்தர் காத்திருக்கணும்."

நான் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ யாரையோ முன்னாடியே பாத்திருக்க. பாக்காதவங்களுக்கு இப்படி ஞாபகம் வராது. மத்தவங்க மறந்துடலாம். உனக்குத்தான் மறக்கத் தெரியாதே."

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் விரல்களுக்கு நடுவே இருந்த குப்பியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா. நாலு மாசம். பையனா பொண்ணான்னு பாக்கல."

அதுவரை அதை வாய்விட்டு நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அது நடந்த ஒன்றாகிவிட்டது.

அவர் குப்பியைத் தாங்கியில் நிறுத்தினார். "இது போதும்" என்று அதனிடமே சொல்லிவிட்டு எழுந்து உள்வழியாக டாக்டர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கடிதம். ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, அந்த வாரத்திலேயே.

அன்றைக்கு வரிசை குறைந்த பிறகு என்னை உட்காரச் சொன்னார். பழைய பரிசோதனைப் பாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பை வரைந்தார். காலியான குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் நிற்க வைத்து அதனிடம் பேச ஆரம்பித்தார்.

"பிள்ளையோட முதல் ரத்தம் பிள்ளைக்குள்ள ஊறல, தெரியுமா? இந்தா, வெளிய ஒரு பை. மூணாவது வாரம். பிள்ளை ஒரு அரிசி அளவுகூட இல்ல. அப்பவே இந்தப் பையில் சின்னச் சின்னத் தீவு மாதிரி ரத்தம் கட்டுது. ஆனா அவங்க கொஞ்ச நாளைக்குத்தான். ஆயுசு முழுக்க இருக்கப்போறவங்க பிள்ளைக்குள்ள, ஒரு பெரிய ரத்தக்குழாய்ச் சுவர்ல பொறக்குறாங்க. பொறந்து நேரா ஈரலுக்குக் குடி போறாங்க."

ஈரலை வரைந்தார். பப்பாளித் துண்டு போல இருந்தது.

"பல மாசம் ஈரல்தான் வீடு. மண்ணீரல்லயும் கொஞ்சம் பேர் தங்குவாங்க. அப்புறம் எலும்பெல்லாம் உருவாகி உள்ள இடம் கிடைச்சதும் ஒவ்வொருத்தரா அங்க மாறிப் போறாங்க. பொறக்குற நேரத்துக்குள்ள எல்லாரும் எலும்புக்குள்ள. அதுக்கப்புறம் வீடு மாற மாட்டாங்க."

நான் காகிதத்தைப் பார்த்தேன். குப்பியைப் பார்த்துக் கேட்டேன்: "இப்ப இதுக்கு என்ன ஆகும்?"

"பிள்ளையோட ரத்தத்துல அப்பா கொடுத்த ஒரு அடையாளம் இருக்கு. அம்மாகிட்ட அது இல்ல. அம்மா ரத்தம் அத அந்நிய ஆள்னு நினைச்சு அடிக்குது. உடைய உடைய ஈரல் இன்னும் செய்யணும். ஓவர்டைம் வேலை, ஓட்டி மேல ஓட்டி. எலும்புக்குப் போக வேண்டியவங்களையும் போக விடாம ஈரல் தானே பிடிச்சு வச்சு வேலை வாங்கும். வீங்கிப் போகும். பத்தலன்னா, இன்னும் முழுசா வளராததையும் வெளிய அனுப்பிடும். படிப்பு முடியாத பிள்ளைய வேலைக்கு அனுப்புற மாதிரி."

நான் செனாய் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். ஓட்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பதினாறு மணி நேரம் நின்றால் கால் எப்படி வீங்கும் என்றும் தெரியும். போனதைக் கிளினிக்கில் சொல்லிவிட்டதை அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார்.

ஜோகூர் பாருவில் வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். பிள்ளையின் தலைக்குள் ஓடும் ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். வேகமாகப் போனால் ரத்தம் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தமாம். வேகமாகத்தான் போனது. ஈரலும் பெருத்திருந்தது. என் வயிற்றின் வழியாக நீளமான ஊசி ஒன்றை விட்டு, தொப்புள்கொடிக்குள் யாரோ ஒருவர் தானம் கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். அது ஓ நெகடிவ்; அதில் அந்த அடையாளம் இல்லாததால் என் ரத்தம் அதை அடிக்காது. மூன்று தடவை அப்படி ஏற்றினார்கள். முதல் தடவை அங்கிருந்த தாதி புத்தகத்தைப் பார்த்து, முதல் பிள்ளையா என்று கேட்டார். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு முன்ன ஒண்ணு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பிள்ளை போன உடனே ஓர் ஊசி போட்டிருந்தால் என் ரத்தம் எதையும் ஞாபகம் வைத்திருக்காது என்று அந்தத் தாதிதான் சொன்னார். எங்கள் மிஸ்ஸிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பழைய பாரத்தின் பின்பக்கத்தில் அத்தனையும் வரைந்தவர், அதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த மாதங்களில் பகலிலும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடினால் ஒரு வீடு தெரியும். எல்லா அறைகளிலும் யார் யாரோ இருப்பார்கள். நல்லவர்கள்தான், விளக்கேற்றுவார்கள், சமைப்பார்கள், தரையைக் கூட்டுவார்கள். வீட்டுக்காரர் மட்டும் கடைசி அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பலாம் என்று போவேன். கதவு கைக்கு எட்டாது.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தது. மஞ்சளாக இருந்தாள். நீல விளக்குக்குக் கீழே பல நாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது என் கனவு போலவே இருந்தது. பிள்ளையின் உடம்பில் ஓடுவது பெரும்பாலும் மற்றவர் ரத்தம்தான். அது நிறைய இருப்பதால் எலும்பு தூங்குகிறது. வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவார்கள். அதற்குள் எலும்பு விழித்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் மறுபடி ஏற்ற வேண்டும், மறுபடி. அவள் ரத்தத்தை அடிக்க என்னிடமிருந்து போனது அவள் உடம்பில் இன்னும் மிச்சம் இருப்பதால், புதிதாக ஊறுவதையும் அது உடைக்கலாம்.

வாரம் ஒருமுறை எங்கள் கிளினிக்கில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். மிஸ்ஸி அந்தச் சின்னக் காலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் குத்துவார். ரத்த எண்ணிக்கை ஒவ்வொரு வாரமும் இறங்கியது. பால் குடிக்கும்போதே தூங்கிப் போவாள். அழுகை பூனைக்குட்டி சத்தம் அளவுக்கு வந்துவிட்டது. ஆறாவது வாரம் ஜோகூர் பாருவுக்குக் கொண்டுபோய் ஒருமுறை ஏற்றிவிட்டு வந்தோம். கன்னம் சிவந்தது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. அது அவளுடைய சிவப்பு இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தவிர, மிஸ்ஸி தானே ஒரு சொட்டை எடுத்து நீலச் சாயம் கலந்து கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார். அது அவர் செய்ய வேண்டிய வேலையா என்று எனக்குத் தெரியாது. எலும்பை விட்டு இப்போதுதான் வெளியே வந்த செல்லுக்குள் மட்டும் நீல நூல் தெரியுமாம். தானம் வந்த ரத்தம் பழசு. அதில் நூல் இருக்காது. ஒவ்வொரு வாரமும் தகட்டைப் பார்த்துவிட்டுக் குப்பியிடம் சொல்வார்: "அவசரமில்ல. மெதுவா எந்திரி."

பத்தாவது வாரம் என்று நினைக்கிறேன். மாமியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மிஸ்ஸி மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். தகட்டை ஒரு விரலால் நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். உதடு எதையோ எண்ணியது. பிறகு எழுந்தார். குப்பியை எடுக்கவில்லை. அறையின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவரை இடுப்புக்குக் கீழே நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் நிறுத்தினார்.

"பாருங்கக்கா."

முதலில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு வட்டங்கள், மழைத் தண்ணீரில் எண்ணெய்ப் பொட்டுகள் மிதப்பது போல. நிறைய, வெறுமையாக. அவர் திருகைக் கொஞ்சம் திருப்பினார். ஒரு வட்டத்துக்குள் நீலமாக ஒரு நூல், யாரோ அவசரமாகச் சுருட்டி வைத்தது போல. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தில் இரண்டு.

"போன வாரம் ஒண்ணுகூட இல்ல" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "இவ்வளவு உடையாம நிக்குது. ஏத்தினது எதுலயும் இது இருக்காது."

சன்னலுக்கு வெளியே இருந்து மாமியார் கத்தினார். "என்னாவாம்? மறுபடி ஜேபி ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

மிஸ்ஸி சன்னலை விட்டு விலகி எனக்கு இடம் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"போக வேணாம் அத்த. இவ சொந்த ரத்தம் ஊறிருச்சு. எலும்புக்குள்ள."

மாமியார் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துணியை விலக்கி, பிள்ளையின் காலை வெளியே எடுத்தார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி அழுத்தித் தடவினார்.

"இதுலயா?"

"அதுலயுந்தான்."

மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். துணியைச் சுற்றி மூடினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து வாயில் விரலை வைத்தார்.

"அப்ப மெதுவாப் பேசுங்க. உள்ள வேல நடக்குதுல்ல."